குமுதாவுடன் பதினோரு சந்திப்புகள்

ஜெயபாலனுக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருப்பதாகக் கல்லூரி ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் தெரிவித்தது. வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு மகள். அந்த நாற்பத்திரண்டு பேரும் மின்னணுவியல் டிப்ளோமாவில் அப்போதுதான் சேர்ந்த மாணவர்கள். "இன்று முதல் நீங்கள் இவர்களின் கல்வி ஆலோசகர். பெற்றோரின் மனத்தோடு இவர்களை அணுகவும். அணுகியதற்கான ஆதாரத்தை ஏழு நாளுக்குள் பதிவேற்றவும்" என்று அதில் இருந்தது.

புக்கிட் பெர்மாத்தா பல்கலைக்கழகக் கல்லூரி ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடியில், முன்பு பேரங்காடியாக இருந்த கட்டடத்தில் நடந்துவந்தது. நகரும் படிக்கட்டுகள் இன்னும் இருந்தன. நகர்வதை மட்டும் நிறுத்தியிருந்தன. இறைச்சி விற்ற பகுதி நூலகம் ஆகியிருந்தது. அங்கே பதினான்கு வருடமாக ஜெயபாலன் சர்க்கியூட் பாடம் நடத்தினார். அவருக்குக் கெட்ட பெயர் கிடையாது. நல்ல பெயர் என்று யாரும் எடுத்துச் சொன்னதும் இல்லை.

அந்த வருடம் நிர்வாகத்துக்கு ஒரு கவலை வந்திருந்தது. சேரும் மாணவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் இரண்டாம் வருடத்துக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று அந்த முப்பது பேரையே கேட்டுப் பார்க்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. அதற்குப் பதிலாக ஆலோசனை மேன்மை மையம் என்று ஒன்றைத் தொடங்கி, டாக்டர் தர்மேந்திரனை அதற்கு இயக்குநராகப் போட்டார்கள்.

மையத்தின் முதல் கூட்டத்தில் நாற்பது விரிவுரையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தர்மேந்திரன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே பேசினார். குரலில் உண்மையான உருக்கம் இருந்தது.

"போன மாசம் நம்ம லெச்சரர் ஒருத்தர் ஒரு பையன்கிட்ட மூணு மணி நேரம் பேசியிருக்காரு. பையன் அழுதிருக்கான். இவரு அவனைச் சாப்பிட வச்சு, பஸ் ஏத்தி விட்டுட்டு வந்திருக்காரு. நல்லதுதான். ஆனா சிஸ்டத்துல ஒண்ணுமே இல்ல. தணிக்கைக்கு வர்றவங்களுக்கு அந்த மூணு மணி நேரம் நடக்கவே இல்ல. அந்த லெச்சரருக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டேன்."

அவர் ஒரு கணம் நின்றார்.

"எழுதாத அன்பு அன்பு இல்ல. இதை மனசுல வச்சுக்குங்க."

அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயபாலனும் கேட்கவில்லை.

எழுதுவதற்கு ஒரு கணினித் தளம் வந்தது. அதற்குப் பெயர் பிம்பிங்; மலாயில் வழிகாட்டு என்று பொருள். ஜெயபாலன் முதல் தடவை அதைப் பிம்பம் என்றுதான் வாசித்தார். ஒவ்வொரு மாணவரையும் ஒரு செமஸ்டரில் ஐந்து தடவை சந்திக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குறிப்பு, ஒரு படம், கீழே ஆலோசகரின் கையெழுத்து. நாற்பத்திரண்டை ஐந்தால் பெருக்கினால் இருநூற்றுப் பத்து. செமஸ்டர் பதினான்கு வாரம். வாரத்துக்கு இருபது மணி நேரம் அவருக்கு வகுப்பு இருந்தது. அவர் மையத்தின் அலுவலர் அஃப்ரீனிடம் போனார். அஃப்ரீன் சிரித்த முகத்தோடு, எதையும் ஒளிக்காமல் பேசும் பெண்.

"எப்படி அஃப்ரீன் இதை முடிக்கிறது?"

"போட்டோவுலதான் சார் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஒரே சட்டை ரெண்டு சந்திப்புல இருந்தா சிஸ்டம் திருப்பி அனுப்பிடும்."

"மத்த லெச்சரர்ங்க எல்லாம் எப்படிச் செய்றாங்க?"

"சட்டை கொண்டு வர்றாங்க சார்" என்றாள் அஃப்ரீன்.

ஜெயபாலனும் சட்டை கொண்டு போனார். ஐந்து சட்டைகளை அலமாரியில் வரிசையாக மாட்டினார். இரண்டாம் வாரத்தில் ஒரு புதன்கிழமை, நாற்பத்திரண்டு பேரும் அறைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். நீலச் சட்டையில் நாற்பத்திரண்டு படம், பிறகு கோடு போட்டதில் நாற்பத்திரண்டு. மாணவர்களும் சட்டையை, முக்காட்டை, மூக்குக்கண்ணாடியைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். முதல் சந்திப்பு அறிமுகம் என்பதால் புன்னகை போதும். இரண்டாவதில் பிரச்சினையைக் கண்டறிய வேண்டும். மாணவர் முகத்தில் கவலை தெரிய வேண்டும். மூன்றாவதில் ஆலோசகர் காதுகொடுத்துக் கேட்பதால் அவர் கை தாடையில் இருக்க வேண்டும். நான்காவதில் இருவருக்கும் நடுவே ஒரு தாள். ஐந்தாவதில் பிரச்சினை தீர்ந்துவிடுவதால் இருவரும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். எல்லாம் பயிற்சிக் கையேட்டில் படம் போட்டு விளக்கப்பட்டிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு செமஸ்டர் முடிந்தது.

இரண்டாம் செமஸ்டரிலும் இப்படியே ஒரு புதன்கிழமை வந்தது. அன்றைக்கு வரிசையில் குமுதா என்ற பெண் நின்றாள். சித்தியவான் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய கித்தாத் தோட்டத்திலிருந்து வந்தவள். கல்லூரி விடுதியில் தங்கியிருந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும், "சார், ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள்.

"கேக்கலாம்மா. முதல்ல கொஞ்சம் கவலையா இரு. இது ரெண்டாவது சந்திப்பு."

அவள் கவலையாக இருந்தாள். படம் நன்றாக வந்தது.

"சார், நான் எடுத்திருக்கிற சிக்னல் பாடத்துக்கு..."

"பின்னாடி நிறைய பேரு நிக்கிறாங்கம்மா. அப்புறம் ரூமுக்கு வா, பேசலாம்."

மூன்றாவது சட்டையின்போது அவள் மறுபடி வாய் திறந்தாள். ஜெயபாலன் கையைத் தாடையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சட்டையின்போது அவள் எதுவும் கேட்கவில்லை. சிரிக்கச் சொன்னதும் சிரித்தாள்.

குறிப்பு எழுதுவதில் சிரமம் இல்லை. பிம்பிங்கில் பதினாறு வாக்கியங்கள் தயாராக இருந்தன, தேர்ந்தெடுத்தால் போதும். "பாடச்சுமை பற்றி மாணவருக்கு எடுத்துரைக்கப்பட்டது. மாணவர் புரிந்துகொண்டார். தம் முடிவுக்குத் தாமே பொறுப்பு என ஏற்றுக்கொண்டார்" என்பது எல்லாருக்கும் பொருந்தியது. மாணவர்கள் பதிவு செய்த பாடங்களையும் ஆலோசகர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். திரையின் மேல் மூலையில் 'அனைவரையும் அங்கீகரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஜெயபாலன் அதை அழுத்தினார். நாற்பத்திரண்டு பெயர்களும் ஒரே நேரத்தில் பச்சையாயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அவர் அறையில் இல்லை. ஆலோசகர்களின் ஆலோசனைத் திறன் போதவில்லை என்று மையம் ஓர் ஆய்வில் கண்டுபிடித்து, எல்லாரையும் பயிற்சிக்கு அனுப்பியது. கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'ஆலோசகர் ஆலோசனைப் பயிற்சியில் இருக்கிறார். அவசர ஆலோசனைக்கு உங்கள் ஆலோசகரை அணுகவும்.'

பயிற்சியின் கடைசிப் பகுதி லூமுட் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நடந்தது. ஆழ்ந்து செவிமடுத்தல் என்று பெயர். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தேங்காயை வைத்தார். ஒவ்வொரு தேங்காயிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. "இதான் உங்க மாணவர். இருபது நிமிஷம் குறுக்கே பேசாமக் கேளுங்க" என்றார். ஜெயபாலன் தன் தேங்காயைக் கேட்டார். கணக்கியல் துறையின் மூத்த விரிவுரையாளர் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் கண் கலங்கினார். அவருக்கு மேடையில் கைதட்டல் கிடைத்தது. முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். தேங்காய்களைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

செப்டம்பரில் தணிக்கைக் குழு வந்து மூன்று நாள் பிம்பிங்கைப் பார்த்தது. மாணவர்களைப் பார்க்க நேரம் இல்லை. கல்லூரியின் ஆலோசனைச் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. ஒரு பதிவுகூடக் குறையாமல் வைத்திருந்த ஜெயபாலனுக்கு ஆண்டின் சிறந்த ஆலோசகர் விருது கொடுத்தார்கள். மேடையில் அவருக்கு வெட்கமாக இருந்தது. படத்தில் அது அடக்கமாகத் தெரிந்தது. மகள் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். சிரம்பானில் இருக்கும் பெரியப்பாகூட வாழ்த்து அனுப்பினார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மேல்முறையீட்டுக் குழுவிலிருந்து ஒரு கடிதத்தின் நகல் அவருக்கு வந்தது. குமுதா என்ற மாணவி தொடர்ந்து இரண்டு செமஸ்டரில் தேவையான புள்ளி பெறாததால் படிப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தாள். கணிதத்தில் தேறாமலே சிக்னல் பாடத்தை எடுத்ததுதான் காரணம். தனக்குச் சரியான ஆலோசனை கிடைக்கவில்லை என்று அவள் மேல்முறையீடு செய்திருந்தாள். குழுவின் பதில் சுருக்கமாக இருந்தது: "மாணவி தம் ஆலோசகரைப் பதினோரு முறை சந்தித்துள்ளார். பாடச்சுமை பற்றி அவருக்கு ஒவ்வொரு முறையும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அவர் புரிந்துகொண்டதாகவும் பொறுப்பேற்றதாகவும் பதிவு உள்ளது. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது." கீழே ஜெயபாலனுக்கு ஒரு தனி வரி: "தங்களின் முழுமையான பதிவுகளால் இந்த விஷயத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்க முடிந்தது. நன்றி."

சேர்ந்த வாரத்தில் ஆதாரமாகப் பதிவேற்றியது ஒன்று, செமஸ்டருக்கு ஐந்தாகப் பத்து. கணக்கு சரியாக இருந்தது. ஜெயபாலன் அன்றைக்குத்தான் கல்லூரியின் விதிக் கையேட்டை முதல் தடவையாக முழுவதும் படித்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அது இருந்தது. சிக்னல் பாடத்தை மூன்றாம் வாரத்துக்குள் கைவிட்டிருக்கலாம். கைவிட்டால் கிரெடிட் குறைந்து விடுதி அறை போய்விடும். ஆனால் ஆலோசகர் ஒரு கையெழுத்துப் போட்டால் அறை போகாது. அந்த ஒரு செமஸ்டரில் மட்டும் அவர் இருநூற்றுப் பத்து கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த ஒன்றைப் போடவில்லை.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சித்தியவானுக்குப் போனார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பதிவில் இருந்த முகவரியில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண், குமுதா டவுனில் லியாகத் அலியின் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள்.

கடையில் லியாகத் அலி வெள்ளைத் தொப்பியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால், பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு குமுதா வேலை செய்துகொண்டிருந்தாள்.

"காலேஜ்லேருந்து வந்தீங்களா? உக்காருங்க சார்" என்றார் லியாகத் அலி. "போர்டு வேலை எல்லாம் இப்ப இந்தப் புள்ளதான் பாக்குது. முன்னால ஈப்போவுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன். நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார். சும்மா சொல்லக் கூடாது."

ஜெயபாலன் தலையை ஆட்டினார்.

குமுதா எழுந்து வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதை எதிர்பார்த்து வந்தவருக்கு அது இல்லாதது கஷ்டமாக இருந்தது.

"ரூமுக்கு வான்னு சொன்னேனே, அப்புறம் என்னைத் தேடி வந்தியாம்மா?"

"நாலு தடவ வந்தேன் சார். மூணாவது தடவ கதவுல இருந்த பேப்பரைப் படம் புடிச்சேன், அப்பீல்ல போடலாம்னு. அப்புறம் போடல."

"ஏன்?"

"சார் பயிற்சிக்குத்தானே போயிருந்தீங்க. ஊர் சுத்தவா போனீங்க. உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சினை வந்துரும்னு விட்டுட்டேன்."

அப்போது ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குள் வந்தார். கறுத்து மெலிந்த, ஐம்பது வயதானவர்; ஆஸ்பத்திரிக் கேண்டீனில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். குமுதாவின் தாய் காளியம்மா. வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானா சார் அது? காலேஜ்லேருந்து வந்த சூராட்டைப் பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. பதினோரு தடவ கூப்ட்டு வச்சுப் புத்தி சொல்லியிருக்கீங்க. பெத்த அப்பன் உயிரோட இருந்திருந்தாக்கூட இவ்ளோ சொல்லியிருக்க மாட்டாரு. இதுதான் காதுல வாங்கல." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "உங்க நேரத்தை எல்லாம் வீணாக்கிருச்சு. மன்னிச்சுக்குங்க சார்."

ஜெயபாலன் சொல்ல வேண்டியது நான்கே வார்த்தை. லியாகத் அலி பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றார்கள்.

"பரவால்லம்மா" என்றார்.

குமுதா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்க் கண்ணாடியின் கீழே குனிந்துகொண்டாள்.

காளியம்மா அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பக்கத்துக் கடையில் அரைக் கிலோ நெத்திலி வாங்கி, வேண்டாம் என்றவரின் கையில் திணித்தார். ஈப்போவரை கார் முழுக்க அந்த வாசனை இருந்தது. ஜெயபாலன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார்.

திங்கட்கிழமை காலை தர்மேந்திரனின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னார்.

"சார், அந்தப் பொண்ணை நான் ஒரு தடவகூட உக்கார வச்சுப் பேசல. பதினொண்ணும் பொய். அதை வச்சு அவளை வெளியாக்கிட்டாங்க."

தர்மேந்திரன் கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஜெயா, நீங்க பொய்ன்னு சொல்றீங்க. நான் அதை முழுமைன்னு சொல்வேன்."

"நடக்கலையே சார்."

"நடந்ததையும் நடக்காததையும் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சோம்னா எங்க போய் நிப்போம்? நாப்பது ஆலோசகர், எட்டாயிரத்து நானூறு சந்திப்பு. உங்க பதினொண்ணு பொய்யின்னா மத்தது என்ன? அஞ்சு நட்சத்திரம் குடுத்துட்டுப் போனவங்க மனசு என்ன பாடுபடும்?" அவர் குரல் தாழ்ந்தது. "அந்தப் புள்ளைக்காக நானும் வருத்தப்படுறேன். இந்த மையத்தை ஆரம்பிச்சதே மாணவர்களுக்காகத்தான். அதனாலதான் சொல்றேன், ஒரு மாணவருக்காக இதை அழிக்க முடியாது. அதுவும் இல்லாம, முன்னெல்லாம் ஒரு அப்பீலுக்கு மூணு மாசம் காத்திருப்பாங்க. இவளுக்குப் பதினைஞ்சு நிமிஷத்துல பதில் கிடைச்சிருக்கு. அந்த நல்லதையும் பாருங்கலா."

ஜெயபாலன் எழுத்தில் கொடுப்பதாகச் சொன்னார். எழுத்தில் எதைக் கொடுத்தாலும் தனக்கு மகிழ்ச்சிதான் என்றார் தர்மேந்திரன்.

ஜெயபாலன் கொடுத்த கடிதம் மையத்துக்குப் போனது. இரண்டு நாள் கழித்து அஃப்ரீன் நடைவழியில் அவரை நிறுத்தினாள்.

"சார், உங்க கடிதத்தை ஏத்திட்டேன். குற்ற உணர்வுன்னு ஒரு வகை சிஸ்டத்துல இல்ல. மாணவி பேருல பன்னிரண்டாவது சந்திப்புன்னு போட்டு, 'ஆலோசகரின் சுயசிந்தனை'ன்னு வச்சிருக்கேன். உங்களுக்கு அஞ்சு புள்ளி கூடியிருக்கு."

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ள எங்கிட்டயும் வந்துச்சு சார். ஆலோசகரைப் பாருன்னு அனுப்பிட்டேன். விதி அதானே." முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேல்முறையீட்டுக் குழுவிடமிருந்து தீபாவளி கழிந்த பிறகு ஒரு படிவம் வந்தது. சந்திப்புகள் நடக்கவில்லை என்று ஆலோசகர் கூறுவதால், அவை நடக்காததற்கான ஆதாரத்தைப் படத்தோடு இணைக்க வேண்டும். ஜெயபாலன் அந்தப் படிவத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குமுதாவுக்குச் செய்தி அனுப்பி, கதவில் இருந்த தாளின் படத்தைக் கேட்டார். அவள் ஒரு வார்த்தையும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினாள். அதை இணைத்துக் கொடுத்தார். குழு கூடி ஆராய்ந்தது. "தாங்கள் அனுப்பிய படம், குறிப்பிட்ட நாளில் தாங்கள் ஆலோசனைப் பயிற்சியில் இருந்ததை உறுதி செய்கிறது. இது தங்களின் அர்ப்பணிப்பையே காட்டுகிறது. மற்றபடி, தங்கள் கடிதம் தங்கள் பதிவுகளோடு முரண்படுவதால் ஏற்கப்படவில்லை. மாணவரிடம் அளவு கடந்த பரிவு கொள்ளும் ஆலோசகர்களுக்கு ஜனவரியில் ஒரு பயிற்சி உண்டு. தங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது."

ஜெயபாலனுடைய வார்த்தைக்கு எதிராக ஜெயபாலனுடைய பதினோரு கையெழுத்து. குழு கையெழுத்தை நம்பியது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி சித்தியவானுக்குப் போனார். இந்தத் தடவை வீட்டுக்கு. தோட்டம் விற்கப்பட்டபோது கட்டிக்கொடுத்த மலிவு விலை வீடுகளில் கடைசி வரிசை. பின்னால் உடனே செம்பனை தொடங்கியது. காளியம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், உள்ள வாங்க. பசியாறிட்டுத்தான் போகணும்."

"இல்லம்மா. இங்கேயே நிக்கிறேன். ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்." அவர் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு அது சரியாகப் படாமல் கையை விட்டார். "அந்த சூராட்ல இருக்கிறது உண்மை இல்லம்மா. நான் அவளுக்கு எதுவும் சொல்லல. அவதான் என்னைத் தேடி நாலு தடவ வந்தா. நான் ரூம்ல இல்ல."

காளியம்மா கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் நின்றார்.

"பதினோரு தடவன்னு போட்டிருந்துச்சே."

"நான் எழுதினதும்மா. சும்மா."

"போட்டோவெல்லாம் இருக்குன்னாங்களே சார்."

"ஒரே நாள்ல எடுத்தது. சட்டை மாத்தி மாத்தி."

காளியம்மாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் ஜெயபாலன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எங்கும் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"தீவாளி அன்னிக்குக்கூட இவகிட்ட நான் முகங்குடுத்துப் பேசல சார்" என்றார் காளியம்மா. சத்தம் போடவில்லை. "எண்ணெய் வச்சு விடுங்கம்மான்னு வந்து நின்னா. போடின்னுட்டேன். அவ ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"என்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னு இருந்திருக்கா."

"அன்னிக்குக் கடையில நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்க பரவால்லன்னீங்க."

ஜெயபாலன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

காளியம்மா துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். சமையலறையில் குமுதா இருந்தாள் போலிருக்கிறது. அழுகையோ பேச்சோ எதுவும் வெளியே கேட்கவில்லை. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு குமுதா வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, தலையில் புதிதாக எண்ணெய் வைத்து வாரியிருந்தது.

"போங்க சார். அம்மா வர மாட்டாங்க."

"காலேஜ்ல திரும்ப எடுக்க மாட்டாங்கம்மா. எழுதிக் குடுத்துப் பாத்துட்டேன்."

"தெரியும் சார். சுசா. கஷ்டந்தான்."

"வேற இடம் பாத்திருக்கேன். தாப்பாவுல ஒரு தொழில் பயிற்சிக் கல்லூரி. வெளியாக்குனவங்களையும் நேர்காணல் வச்சு எடுக்கிறாங்க. அவங்க விதி முழுக்கப் படிச்சுட்டேன். ரெண்டு தடவ. போன் பண்ணியும் கேட்டுட்டேன். உன் சர்க்கியூட் மார்க்கு போதும்." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். "பழைய காலேஜ்லேருந்து ஒரு விடுவிப்புக் கடிதம் வேணும். அதுக்கு என் கையெழுத்து போதும். போட்டுட்டேன். உனக்குப் போக இஷ்டம் இருந்தா பாரு. இல்லன்னா கிழிச்சுப் போட்டுரு."

குமுதா தாள்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பவில்லை, மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து, "கணிதத்துல பெயில்னா?" என்று கேட்டாள்.

"அடுத்த பக்கம், ஏழாவது விதி. சேர்ந்த பிறகு எழுதலாம்."

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி ஏழாவது விதியைப் படித்தாள். பிறகுதான் தலையை ஆட்டினாள்.

நேர்காணல் ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அதே நாள்தான் அளவு கடந்த பரிவு பற்றிய பயிற்சியும். ஜெயபாலன் பயிற்சிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டார். சித்தியவானிலிருந்து தாப்பாவுக்குப் போக நேரான பஸ் இல்லாததால் தானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். குமுதா தாயிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மூன்று நாள் கழித்துத்தான் சரி என்றாள். காளியம்மாவும் வருவதாக இருந்தது. வீட்டு வாசலில் அவர் காரில் ஏறும்போது ஜெயபாலனின் வணக்கத்துக்குத் தலையை அசைத்தார்.

தாப்பாவில் அந்தக் கல்லூரியின் முகப்பில் ஒரு தடித்த புத்தகம் வைத்துக்கொண்டு ஓர் அலுவலர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் பெயரும் உறவும் எழுத வேண்டும் என்றார். குமுதா தன் பெயரை எழுதினாள். கீழே காளியம்மா பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் தாய் என்று போட்டாள். மூன்றாவது வரியில் ஜெயபாலன் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"என் பேரு வேணாம்மா" என்றார் ஜெயபாலன்.

"எழுதணும் சார். பேரு போட்டாச்சு, அந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்றார் அலுவலர்.

குமுதா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆலோசகர் என்று எழுத அவள் கை போகவில்லை. சார் என்று எழுத முடியாது. அவள் தாயைப் பார்த்தாள். காளியம்மா ஜெயபாலனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை, அளவு எடுப்பது போல இருந்தது.

"ட்ரைவர்னு போடு" என்றார்.

குமுதா எழுதினாள். ஜெயபாலன் பேனாவை வாங்கி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ட்ரைவர்ங்க கார்கிட்ட இருக்கலாம்" என்றார் அலுவலர், எல்லாரிடமும் சொல்வது போல.

அவர் வெளியே போய்க் கார் பக்கத்தில் நின்றார். நிழல் இல்லை. கேமரன் மலைக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பத்தரை மணிக்குத் தர்மேந்திரன் போன் செய்தார்; எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு இருவரும் வெளியே வந்தார்கள். குமுதா கையில் ஒரு கோப்பு இருந்தது. அவள் முன் கதவைத் திறக்கப் போனாள். காளியம்மா அவள் கையைப் பிடித்துப் பின்னால் தன்னோடு ஏற்றிக்கொண்டார்.

ஜெயபாலன் காரை எடுத்தார். பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"கெடச்சுருச்சாம்மா?"

"பிப்ரவரியில கிளாஸ்" என்றாள் குமுதா.

ஜெயபாலன் சித்தியவான் பக்கம் காரைத் திருப்பினார்.